‘எல்லோரும் வரலாம்’ என்ற பலகைக்குப் பின்னால்

கேள்வி: திருவாரூரில், கோயிலைச் சுற்றியுள்ள வீதி ஒன்றில் இருக்கும் எங்கள் பூர்வீக வீட்டைப் புதுப்பித்து, ‘கோ-வொர்க்கிங்’ எனப்படும் பகிர்வுப் பணியிடமாக மூன்று ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். முப்பத்திரண்டு இருக்கைகள். வாசலில் ‘எல்லோரும் வரலாம்’ என்று பலகை வைத்திருக்கிறேன். ஆனாலும் வருபவர்கள் பெரும்பாலும் எங்கள் வீதியையும் எங்கள் உறவுகளையும் சேர்ந்த இளைஞர்களே. மத்தியப் பல்கலைக்கழகத்தில் படித்து முடித்த மணிப்பூர்ப் பெண்கள் இருவர் சேர்ந்தார்கள். ஒரே மாதத்தில் காரணம் சொல்லாமல் நின்றுவிட்டார்கள். பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்து விசாரித்துச் சென்ற வீடியோ எடிட்டர் ஒருவர் திரும்பி வரவே இல்லை. மாடியில் வசிக்கும் என் தந்தையார், வீட்டுக்குள் அசைவம் கூடாது என்ற ஒரே நிபந்தனையோடுதான் இடத்தைக் கொடுத்தார். புதிதாகச் சேருபவர், ஏற்கெனவே இருக்கும் உறுப்பினர் ஒருவரின் அறிமுகத்தோடு வர வேண்டும் என்பது பாதுகாப்புக்காக நான் வைத்த விதி. வெளிநாட்டு நகரங்களில் இத்தகைய இடங்களில் எல்லா இனத்தவரும் சமமாகப் புழங்க எடுக்கப்படும் முயற்சிகளைப் பற்றிப் படிக்கிறேன். அவற்றில் எது நமக்குப் பொருந்தும்? நான் யாரையும் சாதி பார்த்து நடத்தியதில்லை. பிறகு எங்கே தவறு நேர்கிறது?
– வாசகர், திருவாரூர்

பதில்: அன்புள்ள வாசகருக்கு, வணக்கம்.

நிறுவனங்களுக்கு மனிதவள ஆலோசனை வழங்கும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் இக்கேள்வியைப் பல வடிவங்களில் எதிர்கொண்டிருக்கிறேன். கேட்பவர் தம் மனத்தைச் சோதித்துப் பார்த்து, அதில் வேற்றுமை இல்லை என்று கண்டு, அப்படியானால் தவறு வேறெங்கோ இருக்க வேண்டும் என்று குழம்புவதே வழக்கம். உங்கள் மனத்தைப் பற்றி எனக்கு ஐயமில்லை. ஆனால் உங்கள் இடத்துக்கு வர நினைப்பவர் உங்கள் மனத்தைக் காண்பதில்லை. அவர் காண்பது விதிகளை. உங்கள் கடிதத்திலேயே அவ்விதிகளுள் இரண்டு இருக்கின்றன: அறிமுகம் வேண்டும் என்பது ஒன்று, அசைவம் கூடாது என்பது மற்றொன்று. கடிதத்தில் இல்லாத வேறு சிலவும் இருக்கக்கூடும். அவற்றையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் வெளிநாட்டு முயற்சிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இன்று நாம் அறிந்த வடிவில் பகிர்வுப் பணியிடம் 2005ஆம் ஆண்டு சான்பிரான்சிஸ்கோவில், பிராட் நியூபெர்க் என்ற மென்பொருள் வல்லுநரால் தொடங்கப்பட்டது. தனியாகத் தொழில் செய்பவருக்கும் கூடிப் பணியாற்றும் சமூகம் ஒன்று வேண்டும் என்பதே அதன் நோக்கம். சமூகம் என்று வந்துவிட்டாலே அது யாருடைய சமூகம் என்ற கேள்வியும் வந்துவிடுகிறது. அமெரிக்காவில் அக்கேள்வி கறுப்பினத்தவரையும் பிற சிறுபான்மை இனத்தவரையும் பற்றியதாக இருக்கிறது. ஒருவர் தம் நண்பரை அழைத்துவர, அவர் தம் நண்பரை அழைத்துவர, ஒரே வகை மனிதர்களால் இடம் நிரம்பிவிடுவதும், கட்டணமும் இடம் அமைந்துள்ள பகுதியும் ஆட்களை வடிகட்டிவிடுவதும், விளம்பரப் படங்களில் மட்டும் பன்மை தெரிவதும் அங்கும் பேசப்படும் குறைகளே. இக்கண்டறிதல் நமக்கு அப்படியே பொருந்தும். பொருந்தாதது ஒன்று உண்டு. அங்கே சில இடங்களில் உறுப்பினர்களிடம் அவர்களின் இனத்தைக் கேட்டுப் பதிந்து, கணக்கெடுத்து, முன்னேற்றத்தை அளக்கிறார்கள். திருவாரூரில் ஒரு படிவத்தில் சாதியைக் கேட்டால், அந்தக் கேள்வியே ஆளைத் திருப்பி அனுப்பிவிடும். சாதியை இனப் பாகுபாட்டோடு சேர்த்துப் பேசலாமா என்ற வாதம் 2001ஆம் ஆண்டு டர்பன் நகரில் நடந்த ஐ.நா. மாநாடு வரை சென்றது. இந்திய அரசு கூடாது என்றது, தலித் அமைப்புகள் வேண்டும் என்றன. உங்கள் வாசலைப் பொறுத்தவரை அந்த வாதம் முடிவுக்கு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. சாதியும் இனமும் அங்கே ஒருசேர நிற்கின்றன. கிராமத்து எடிட்டர் ஒன்றினாலும், மணிப்பூர்ப் பெண்கள் மற்றொன்றினாலும் திரும்பிச் சென்றிருக்கிறார்கள்.

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினரின் விகிதம் ஏறத்தாழ 20 விழுக்காடு. திருவாரூர் மாவட்டத்திலோ அது ஏறத்தாழ 34 விழுக்காடு, மாநிலத்திலேயே மிக அதிகம். அதாவது, உங்கள் மாவட்டத்தில் மூவரில் ஒருவர். கூத்தாநல்லூர், கொடிக்கால்பாளையம் போன்ற இடங்களில் தலைமுறைகளாக வாழும் இசுலாமியர்களையும் சேர்த்துப் பாருங்கள். உங்கள் முப்பத்திரண்டு இருக்கைகளில் இவர்கள் எத்தனை பேர் என்பதை எந்தப் படிவமும் இல்லாமலே நீங்கள் அறிவீர்கள். 1968 டிசம்பர் 25 அன்று 44 உயிர்கள் எரிக்கப்பட்ட கீழ்வெண்மணி உங்கள் ஊரிலிருந்து அதிகத் தொலைவில் இல்லை. அந்த நினைவைச் சுமந்த குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இன்று பட்டம் பெற்று, கணினி வழியே உலகெங்கும் உள்ளவர்களுக்கு வேலை செய்யும் தகுதியோடு இருக்கிறார்கள். அவர்களுக்கு இணைய இணைப்பும் மின்தடை இல்லாத ஒரு மேசையும் தேவை. அவையிரண்டும் உங்களிடம் இருக்கின்றன.

இனி அறிமுக விதிக்கு வருகிறேன். இதைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. டெல்டா ஊர்களில் யார் யாரை அறிவார்கள் என்பதைத் தெருக்களே தீர்மானிக்கின்றன. ஊரும் சேரியும் தனித்தனியாக அமைந்த, ஒரு தெருவினர் இன்னொரு தெருவின் வீடுகளுக்குள் செல்லாத மண்ணில், ‘தெரிந்தவர் ஒருவர் மூலம் வாருங்கள்’ என்று சொல்வது, அச்சொற்களில் சாதி இல்லாவிட்டாலும், அதன் விளைவில் சாதியாகவே முடியும். அந்த எடிட்டர் வந்து நின்றபோது நீங்கள் மரியாதையோடுதான் பேசியிருப்பீர்கள். ‘இங்கே யாரையாவது தெரியுமா?’ என்று கேட்டிருப்பீர்கள். உங்களுக்கு அது ஒரு நடைமுறைக் கேள்வி. தெரியாது என்ற விடையைத் தவிர வேறு விடை இல்லாதவருக்கு, அது கதவு சாத்தப்படும் ஓசை. பாதுகாப்பு வேண்டும் என்ற உங்கள் கவலை நியாயமானது; பல இலட்சம் மதிப்புள்ள கருவிகள் உள்ள இடம் அது. ஆனால் அறிமுகம் பாதுகாப்பைத் தருவதில்லை, பழக்கத்தை மட்டுமே தருகிறது. அரசு அடையாள அட்டை ஒன்றின் நகல், எல்லோருக்கும் பொதுவான சிறிய முன்பணம், கையெழுத்திட்ட விதிமுறைத் தாள், பொதுக்கூடத்தில் கேமரா, பூட்டுடன் கூடிய தனி அலமாரி ஆகிய ஐந்தும் உங்கள் தேவையை முழுமையாக நிறைவேற்றும். சென்னை கொளத்தூரில் மாநில அரசு 2024இல் திறந்த முதல்வர் படைப்பகம், யாருடைய அறிமுகமும் இல்லாமல் குறைந்த கட்டணத்தில் எவரும் வந்து பணியாற்றும் இடமாகவே நடக்கிறது.

அடையாள அட்டையை வாங்கும்போது முகவரியை உரக்கப் படிக்க வேண்டாம் என்று உங்கள் ஊழியரிடம் சொல்லுங்கள். நம் மாவட்டங்களில் முகவரியே பாதிச் சாதிச் சான்றிதழாக இருக்கிறது. ‘காலனி’ என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்குவதாக 2025 ஏப்ரலில் சட்டப்பேரவையில் அறிவிக்க வேண்டிய நிலை வந்ததற்குக் காரணம் இதுவே. பெயருக்குப் பின்னால் சாதியைப் போடும் வழக்கத்தை நம் முன்னோர் விட்டார்கள். அது நமக்குப் பெருமைதான். ஆனால் விட்டதை வேறு வழியில் தெரிந்துகொள்ளும் ஆவல் தணியவில்லை. ‘உங்களுக்கு எந்தத் தெரு?’, ‘குலதெய்வம் எங்கே?’, ‘அப்பா என்ன செய்கிறார்?’ என்று தேநீர் வேளையில் எழும் கேள்விகளை அன்பான விசாரிப்பாகவே பலர் கருதுகிறார்கள். கேட்கப்படுபவர் அவ்வாறு கருதுவதில்லை. உங்கள் விதிமுறைத் தாளில், ‘இங்கே ஒருவரின் சாதியையோ, அதை அறியும் நோக்கில் பிறப்பிடத்தையோ கேட்கக் கூடாது’ என்று ஒரு வரி எழுதுங்கள். சாதிச் சின்னமுள்ள ஸ்டிக்கர், கையில் கட்டும் வண்ணக் கயிறு, உறுப்பினர் வாட்ஸ்அப் குழுவில் சமுதாயத் தலைவர்களின் பிறந்தநாள் பதிவுகள் ஆகியவற்றுக்கான தடையும் அதே தாளில் இருக்கட்டும். பள்ளிகளில் வண்ணக் கயிறுகளைத் தடை செய்ய வேண்டும் என்று நீதிபதி சந்துரு தலைமையிலான ஒருநபர் குழு 2024இல் பரிந்துரைத்தது. பள்ளிக்குப் பொருந்துவது பள்ளியை விட்டு வந்தவர்களுக்கும் பொருந்தும்.

அசைவம் பற்றிய நிபந்தனையைக் குறித்து எழுதத் தயக்கமாக இருக்கிறது; உங்கள் தந்தையார் தாம் வாழும் வீட்டைப் பற்றிச் சொன்ன சொல் அது. இருப்பினும் நான் கருதுவதை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஒருவர் தம் அடுக்களையில் எதைச் சமைப்பது என்று முடிவு செய்வது அவருடைய உரிமை. கட்டணம் பெற்றுக்கொண்டு பத்து மணி நேரம் ஒருவரை அமர வைக்கும் இடத்தில், அவர் தம் தாயார் கட்டிக்கொடுத்த மீன் குழம்பைத் திறக்கக் கூடாது என்பது வேறு வகையைச் சேர்ந்தது. அவர் ஒவ்வொரு நாளும் வெளியே சென்று உண்ண வேண்டும், அல்லது மறைத்து உண்ண வேண்டும், அல்லது தம் வீட்டு உணவு அழுக்கு என்று ஒப்புக்கொள்ள வேண்டும். மூன்றும் இழிவு. ‘அசைவம் உண்பவருக்குத் தனி மேசை’ என்ற நடுவழியைச் சிலர் உங்களுக்குச் சொல்லக்கூடும், அதை ஏற்காதீர்கள். மும்பை ஐஐடி விடுதியில் 2023இல் சைவ உணவுக்கென்று மேசைகள் ஒதுக்கப்பட்டபோது எழுந்த எதிர்ப்பும், எதிர்த்த மாணவருக்கு விதிக்கப்பட்ட 10,000 ரூபாய் அபராதமும், தனி மேசை என்ற ஏற்பாடு எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பதைக் காட்டின. கீழ்த்தளத்தில் காற்றோட்டமுள்ள ஓர் அறையை உணவு அறையாக்குங்கள். எல்லோரும் அங்கேயே, எதை வேண்டுமானாலும் உண்ணட்டும். பணி மேசையில் எந்த உணவுமே கூடாது என்று பொதுவாக வைத்துவிடுங்கள். மாடிக்குத் தனிப் படிக்கட்டு இருந்தால் உங்கள் தந்தையாரின் வாழ்வுக்கும் இடையூறு இல்லை.

உணவு அறையில் குவளைகள் எப்படி இருக்கின்றன என்பதையும் கவனியுங்கள். இரட்டைக் குவளை முறை நம் பகுதித் தேநீர்க் கடைகளில் எவ்வளவு காலம் இருந்தது என்பது உங்கள் தந்தையாரின் தலைமுறைக்கு நன்றாகத் தெரியும். இன்று பல இடங்களில் காகிதக் குவளை வந்து அந்தச் சிக்கலை மூடி மறைத்துவிட்டது. யாருடைய எச்சில் என்ற கேள்வியே எழாமல் எறிந்துவிடலாம். எவர்சில்வர் டம்ளர்களை வாங்கி வையுங்கள், எல்லோரும் அவற்றிலேயே குடித்து, கழுவி வைக்கட்டும். கூட்டிப் பெருக்கிக் கழிவறையைக் கழுவும் அம்மாவும் அதே டம்ளரில், அதே நாற்காலியில் அமர்ந்து குடிக்க வேண்டும். புதிதாக வருபவர் முதல் நாளில் கூர்ந்து கவனிப்பது அதைத்தான். அவரை இங்கே எப்படி நடத்துவார்கள் என்பதற்கு அந்த அம்மா நடத்தப்படும் விதமே சான்று. பழைய வீட்டின் கழிவுநீர்த் தொட்டியைச் சுத்தம் செய்யும்போது ஆளை இறக்காமல் இயந்திரத்தையே பயன்படுத்துங்கள்; பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் ஆளை இறக்குவதை, கையால் மலம் அள்ளும் தொழிலைத் தடை செய்த 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது.

சட்டம் என்று வந்ததால் அதையும் கூறிவிடுகிறேன். அரசமைப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 15(2) பிரிவு, கடைகளிலும் பொது உணவகங்களிலும் விடுதிகளிலும் சாதி, மதம், இனம், பால், பிறப்பிடம் ஆகியவற்றைக் காரணமாக்கி ஒருவரைத் தடுக்கக் கூடாது என்கிறது. 1955ஆம் ஆண்டின் குடியியல் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், தீண்டாமையின் பேரில் கடைக்குள் நுழைவதையும், உணவகத்தில் பாத்திரங்களைப் பயன்படுத்துவதையும், தொழில் செய்வதையும் தடுப்பதைத் தண்டனைக்குரியதாக்கியது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கு 2015இல் செய்யப்பட்ட திருத்தம், சமூக, பொருளாதாரப் புறக்கணிப்பையும் குற்றமாக்கியது. உங்களை அச்சுறுத்த இதைச் சொல்லவில்லை. உறுப்பினர் யாரேனும் ‘அவர் பக்கத்தில் உட்கார மாட்டேன்’ என்று வந்து நிற்கும் நாளில், நீங்கள் சமாதானம் பேசும் நிலையில் இல்லை என்பதை அறிந்திருக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

மணிப்பூர்ப் பெண்களின் நிலை வேறு. அவர்களிடம் யாரும் தெருவைக் கேட்டிருக்க மாட்டார்கள், ‘நேபாளமா, சீனாவா?’ என்று கேட்டிருப்பார்கள். முகத்தை வைத்து ஒருவரை அயலாராக்குவது இனப் பாகுபாடே. அருணாச்சலப் பிரதேசத்தைச் சேர்ந்த நிடோ டானியா என்ற மாணவர் 2014 ஜனவரியில் டெல்லியில், அவருடைய தோற்றத்தைக் கேலி செய்ததில் தொடங்கிய தகராறில் தாக்கப்பட்டு இறந்தார். அதன்பின் அமைக்கப்பட்ட பெஸ்பரூவா குழு, இனத்தைச் சொல்லி இழிவுபடுத்துவதைத் தண்டிக்கச் சட்டத்தில் இடம் வேண்டும் என்று பரிந்துரைத்தது. திருவாரூரில் அடி விழாது. ஆனால் ஒவ்வொரு தேநீர் வேளையிலும் ஒரு கேள்வி விழும். 2023 மே மாதம் மணிப்பூரில் மெய்தெய், குக்கி மக்களிடையே மோதல் வெடித்த பிறகு, ‘நீங்கள் எந்தப் பக்கம்?’ என்ற கேள்வியும் சேர்ந்துகொண்டது. உறவினரை இழந்தவரிடம் பொழுதுபோக்காகக் கேட்கக்கூடிய கேள்வியா அது? அறிவிப்புகள் எல்லாம் தமிழில் மட்டும் இருந்தால் ஆங்கிலத்திலும் இடுங்கள். வாட்ஸ்அப் குழுவில் முடிவுகளைத் தமிழில் பேசி முடித்துவிட்டு அவர்களுக்குச் சுருக்கத்தை அனுப்பும் வழக்கம் இருந்தால் அதை மாற்றுங்கள். ‘வடக்கன்’ என்ற சொல் உங்கள் கூரைக்கடியில் ஒலிக்கக் கூடாது. இரவு வெகுநேரம் பணியாற்றும் பெண்களுக்கு, பாலியல் தொல்லை நேர்ந்தால் யாரிடம் முறையிடுவது என்பதும் சுவரில் எழுதப்பட்டிருக்க வேண்டும். உங்களிடம் பத்துக்கும் குறைவான பணியாளர்கள் இருந்தால், பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவே அதற்குரியது.

கட்டடத்தைப் பற்றி ஒரு செய்தி. வீதி வீடுகளில் திண்ணைக்கு ஏற மூன்று படிகளாவது இருக்கும். சக்கர நாற்காலிக்கான சாய்தளம், உயரம் ஓரடிக்கு நீளம் பன்னிரண்டடி என்ற அளவில் அமைய வேண்டும். ஒன்றரை அடி உயரத் திண்ணைக்குப் பதினெட்டடி வேண்டும். வீதியில் அவ்வளவு இடம் இராது. கொத்தனார், ‘கொல்லைப்பக்கம் போட்டுவிடலாம்’ என்பார். வேண்டாம். வயலில் உழைத்தவர்களை முன்வாசலில் ஏற்றாமல் கொல்லைப்புறம் வரவழைத்துக் கூலியும் கூழும் கொடுத்த வீடுகள் நிறைந்த மண் இது. பக்கவாட்டுச் சந்தில் சாய்தளம் அமைக்க முடியுமானால், அந்த வாசலையே எல்லோருக்கும் உரிய வாசலாக்கிவிடுங்கள். நீங்களும் உங்கள் உறவினரும் அதன் வழியே வாருங்கள்.

கட்டணத்தில், மாதச் சந்தாவோடு நாள் கட்டணமும் அரைநாள் கட்டணமும் இருக்கட்டும். மூன்று மாத முன்பணம் வேண்டாம். முதல் ஆறு மாதம் வருமானம் நிலைக்காத எவருக்கும், சாதியோ மதமோ கேட்காமல், பாதிக் கட்டணம் என்று வைத்தால் யார் சலுகை பெறுகிறார் என்பது பக்கத்து மேசைக்குத் தெரியாது. பேருந்து நேரங்களை எழுதி ஒட்டுங்கள். 2021 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பதால் கிராமத்துப் பெண்கள் வந்து செல்வது எளிதாகியிருக்கிறது. கடைசிப் பேருந்துக்கு முன் முடியாத கூட்டங்களையும் பயிற்சிகளையும் வைத்தால் அந்தப் பயன் வீணாகும்.

இவை எல்லாவற்றையும்விட விரைவாகப் பலன் தருவது, சாவி யாரிடம் இருக்கிறது என்பதை மாற்றுவது. இப்போது பொறுப்பாளராக இருப்பவர் உங்கள் உறவினர் என்றே ஊகிக்கிறேன். அடுத்து ஒருவரை அமர்த்தும்போது, உங்கள் வட்டத்துக்கு வெளியிலிருந்து, திரு.வி.க. அரசு கலைக் கல்லூரியில் அறிவிப்புப் பலகையில் விளம்பரம் இட்டு, நேர்காணல் நடத்தி அமர்த்துங்கள். பெயரளவில் அமர்த்தாமல், உறுப்பினரைச் சேர்க்கவும் நீக்கவும் அவருக்கு அதிகாரம் கொடுங்கள். மாதம் ஒரு மாலை, தொழில் தொடங்குவோருக்கான அரசுத் திட்டங்களை விளக்கும் கூட்டம் நடத்துங்கள். பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோருக்கு 35 விழுக்காடு மூலதன மானியம் தரும் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் 2023இல் வந்தது. மாநில அரசின் ஸ்டார்ட்அப் டிஎன் நிறுவனம் அவர்களுக்கென முதலீட்டு நிதியம் ஒன்றையும் நடத்துகிறது. மாவட்டத் தொழில் மைய அலுவலரை அழைத்தால் வந்து பேசுவார்கள். கூட்டம் அனைவருக்கும் பொதுவாக இருக்கட்டும். எந்தத் திட்டத்தைப் பற்றி யார் கேட்கிறார் என்பதை யாரும் குறித்துவைக்க வேண்டாம்.

இந்த மாற்றங்களால் இப்போதிருக்கும் உறுப்பினர்களுள் சிலர் விலகக்கூடும். உணவு அறையின் வாடையைக் காரணம் சொல்வார்கள், கூட்டம் அதிகம் என்பார்கள், தரம் குறைந்துவிட்டது என்பார்கள். அந்தக் கடைசிச் சொல்லைக் கேட்டதும் எதற்காக விலகுகிறார் என்பது உங்களுக்குப் புரிந்துவிடும். அவரைத் தடுக்க வேண்டாம். சில மாதங்கள் வருமானம் குறையும்; அதற்கேற்பக் கையிருப்பை இப்போதே ஒதுக்கி வையுங்கள்.

உங்கள் தந்தையாரிடம் பேசும்போது, உணவைப் பற்றி மட்டும் பேசாமல், இக்கடிதத்தில் எனக்கு எழுதிய எல்லாவற்றையும் சொல்லுங்கள். அவர் இசைந்தால் நல்லது. இசையாவிட்டால் அவரோடு வழக்காட வேண்டாம்; வீதியை விட்டு விஜயபுரம் பக்கமோ புதிய பேருந்து நிலையத்தின் அருகிலோ வாடகைக்கு ஒரு தளம் பாருங்கள். கோயில் வீதிகளுக்குள் கால்வைக்கத் தயங்கும் குடும்பங்கள் இன்னும் இருக்கும் ஊரில், அந்த இடமாற்றம் மற்ற எல்லா மாற்றங்களையும்விட அதிகப் பயன் தரக்கூடும். எந்த முடிவை எடுப்பதானாலும், அதற்கு முன் அந்த இரு பெண்களுக்கும் அந்த எடிட்டருக்கும் எழுதுங்கள். திரும்பி வரச் சொல்லி அழைக்காமல், ஏன் நின்றார்கள் என்று கேளுங்கள். விடை சொல்ல அவர்களுக்குக் கடமை இல்லை என்பதையும் அக்கடிதத்திலேயே சேர்த்து எழுதிவிடுங்கள்.